அவிழ்க்காத மாடுகளுக்கு நிவாரணம் இல்லை

நவம்பர் 9

பாப்பா அப்பாவுக்கு,

முதலில் மூச்சை விட்டுக்கொள்ளுங்கள். நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். வீட்டுச் சுவரும் நிற்கிறது. கூரையில் நாலைந்து தகரம் பறந்துவிட்டது, அது பெரிய விஷயமில்லை.

இதைக் கையால் எழுதுவது பாப்பா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் விரலில் கொஞ்சம் காயம், பேனா பிடிக்க வரவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அவளுடைய டீச்சரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

போன் தண்ணீரோடு போய்விட்டது. ஊர் டவரும் சாய்ந்து கிடக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் சேதி சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூட மாடியில் ஊரோடு ஊராகப் படுத்திருந்தோம். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். உள்ளே முழங்கால் அளவு சேறு. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. மாடுகள் போய்விட்டன. கறுப்பி, மயிலை, கொம்பில்லாதது மூன்றும் போய்விட்டன. கறுப்பியின் கன்றும் போய்விட்டது. கொட்டகையிலேயே கிடந்தன. அன்று சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, “ஏரி உடையப் போகுது, மாடுகளை அவுத்து விட்டுட்டு மேட்டுக்குப் போங்க”ன்னு சொல்லிக்கொண்டே போனார்கள். அக்கா தன் இரண்டு மாட்டையும் அவிழ்த்து விட்டாள். ஒன்று நீந்திப் பிழைத்துத் திரும்பி வந்துவிட்டது. நான் அவிழ்க்கவில்லை. பயத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

செத்த மாடுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தரும் என்கிறார்கள். கால்நடை டாக்டர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவாராம். மாட்டுக் கடன் உங்கள் பெயரில் இருப்பதால் நிவாரணமும் உங்கள் பெயரில்தான் வரும். வந்தால் பால் சங்கத்துக் கடனாவது தீரும்.

முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது கை நீட்டக் கூசியது. எனக்கு முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் நம் வீட்டில் பால் வாங்கியவர்கள்தான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். சாரம் கட்டிக்கொண்டு உயரத்தில் நிற்கிறவர், இதையே நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


நவம்பர் 15

பாப்பா அம்மாவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் பிழைத்தீர்கள் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழே உள்ளதைப் படித்ததும் எழுந்துவிட்டேன்.

நீ பாப்பாவைக் காப்பாற்றினாய். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவளை மாடியில் விட்டுவிட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? போன லீவில் எப்படி அவிழ்ப்பது என்று உனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன்? அந்த அக்கா உன்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லாமல் போய்விட்டது. நீ வருவாய் வருவாய் என்று அந்த வாயில்லாத ஜீவன்கள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கும்.

இங்கே ஆட்கள் கேட்கிறார்கள். வீடு எப்படி என்றார்கள். மாடு போச்சு என்றேன். “அவுத்து விடலையா அண்ணே?” என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவிழ்த்து விட்டோம், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பொய் சொன்னேன். பெண்டாட்டி மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடினாள் என்று நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

டாக்டர் வந்தால் நீயும் அப்படியே சொல். சொல்ல வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு நில். மைக்கில் சொல்லியும் அவிழ்க்காதவர்களுக்கு நிவாரணம் இல்லையாம். இங்கே பேப்பரில் போட்டிருக்கிறான்.

பாப்பாவின் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நன்றாகப் படிக்கச் சொல்.

இப்படிக்கு,
நான்தான்


நவம்பர் 24

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் யோசனை தபாலில் ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் டாக்டர் வந்து போய்விட்டார். முன்கூட்டியே வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. நாலும் கழுத்தில் கயிற்றோடு வரிசையாகக் கிடக்கும்போது, அவிழ்த்து விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? டாக்டர் சின்னப் பெண். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். “ஏம்மா அவுக்கல?” என்றாள். “பயந்துட்டேன் டாக்டர்” என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு குழி வெட்டும் இயந்திரம் வந்து நாலையும் அள்ளிக்கொண்டு போனது. நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது பட்டியல் வந்துவிட்டது. பால் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு நிவாரணம் உண்டு, யாருக்கு இல்லை, ஏன் இல்லை, எல்லாம் அதில் இருக்கிறது. நமக்கு, ‘கட்டிய நிலையில் இறப்பு. பராமரித்த மனைவியின் அலட்சியம். நிவாரணம் இல்லை’ என்று போட்டிருக்கிறது. பால் ஊற்ற வருகிற ஊர் முழுக்க அதைப் படிக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள்கூட நம் வரியில் விரல் வைத்துத்தான் பழகுகின்றன. பள்ளியில் பாப்பாவை ‘மாடு கொன்னவ மக’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் ஒருத்தனின் டிபன் பாக்ஸைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டாள். அதற்கு நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கடைக்குப் போவதென்றால் இப்போதெல்லாம் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர், அவர் ஒரு வழி சொன்னார். ‘தனியாக இருந்த பெண், பயத்தில் அவிழ்க்காமல் ஓடிவிட்டாள்’ என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பரிதாபப்பட்டுப் பாதி நிவாரணம் தருவார்களாம். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவரே எல்லாம் எழுதிவிட்டார், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். பாதி வந்தாலும் கடனில் பாதி தீரும். இல்லாவிட்டால் இல்லாத மாட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

என் பெயரைப் பற்றி யோசிக்காதீர்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

அப்பா, நான் பாப்பா. கவர் ஒட்டச் சொல்லி அம்மா என்கிட்ட கொடுத்தாங்க. அம்மா ஓடலை. என்னை மாடியில விட்டுட்டுத் திரும்பிப் போனாங்க. ரொம்ப நேரம் வரலை. நான் அழுதேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா போய் இழுத்துட்டு வந்தாங்க. அம்மாவுக்கு நாலு நகம் விழுந்துடுச்சு. இன்னும் ஸ்பூன்லதான் சாப்பிடறாங்க. ஏம்மா பொய் சொல்றீங்கன்னு கேட்டா, போய் வேலையைப் பாருன்னு சொல்றாங்க. நான் இதை எழுதினதைச் சொல்லிடாதீங்க.


டிசம்பர் 1

பாப்பா அம்மாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. தாள் என் பெட்டியில் இருக்கிறது.

உன் விரலுக்கு என்ன ஆயிற்று? இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். காயம் என்று நீ எழுதியிருந்தாய். நான் பாப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னவோபோல் இருக்கிறது.

நீ திரும்பிப் போனாயா? போயும் ஏன் அவிழ்க்கவில்லை? யார் சொன்னது என்று கேட்காதே. மேஸ்திரியின் போனில் பேசலாம் என்றால் அந்த அறையில் பத்துக் காது இருக்கிறது. எழுதியே அனுப்பு. மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


டிசம்பர் 7

பாப்பா அப்பாவுக்கு,

யார் சொன்னது என்று நான் ஏன் கேட்கப்போகிறேன்? கவரை ஒட்டிய கை எது என்று எனக்குத் தெரியாதா? அவளை ஒன்றும் சொல்லவில்லை. ‘பெண்டாட்டி மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடினாள்’ என்று நீங்கள் எழுதியிருந்ததை உரக்கப் படித்துக் காட்டியதும் அவள்தான். எனக்காகப் பொறுக்க முடியாமல் எழுதியிருக்கிறாள்.

இதை நானே எழுதுகிறேன். கோழி கிளறியது போல் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பாப்பாவை மாடியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். கொட்டகையில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நாலும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. முதலில் கறுப்பியிடம் போனேன். நீங்கள் காட்டியபடியே மேல் சுற்றைத் தளர்த்திப் பார்த்தேன். காய்ந்த கயிற்றில் எனக்கும் வந்ததே, நீங்கள்கூடக் கை தட்டிச் சிரித்தீர்கள். ஆனால் நீங்கள் கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு வாரமாக விடாத மழை. மேய்ச்சலுக்கு விடாமல் அந்த இடத்திலேயே வைத்துத் தீவனம் போட்டு, அங்கேயே கறந்துகொண்டிருந்தேன். கயிறு ஊறி, தண்ணீரைக் கண்ட மாடு பயந்து இழுத்து இழுத்து, முடிச்சு மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. விரல் நுழையவில்லை. பல்லால் கடித்தேன். மயிலைக்குப் போனேன், அதுவும் அப்படியே. திரும்பக் கறுப்பிக்கு வந்தேன். அரிவாள் எங்கே மிதந்து போனதோ தெரியவில்லை. தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அக்கா வந்து என் முடியைப் பிடித்து இழுத்தாள். “நீ செத்தா அந்தப் புள்ளைக்கு யாருடி?” என்று கத்தினாள். நான் போகும்போது கறுப்பி ஒருதரம் கூப்பிட்டது. கறக்க நேரமானால் கூப்பிடுமே, அதே மாதிரிதான். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் சாரம் கட்டுகிறவர். மாடி மேல் மாடியாக அந்த முடிச்சை நம்பித்தான் நீங்களும் நிற்கிறீர்கள், கொத்தனாரும் சித்தாளும் நிற்கிறார்கள். அடுத்த தெருவில் மாடு திருடு போனது என்று பயந்து, வேலைக் கயிற்றையே கொண்டுவந்து, சாரத்துக்குப் போடுகிற முடிச்சையே மாட்டுக்கும் போட்டீர்கள். நம் மாட்டைக் கொன்றது அந்த முடிச்சுதான் என்று தெரிந்தால், மறுநாள் மேலே நிற்கும்போது உங்கள் கை அதைப் போடுமா, நடுங்குமா? மாடு போனால் மாடு. நீங்கள் விழுந்தால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்? அதனால் பயந்து ஓடியவள் என்று நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சுவரில் ஒட்டுவார்கள் என்று தெரியாது. நீங்களும் சேர்ந்து பேசுவீர்கள் என்றும் தெரியாது.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனி வீம்பு பிடிக்காமல் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். மாதக் கடைசிக்குள் தாள் போய்ச் சேர வேண்டுமாம். பாதியாவது வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 14

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். நல்ல வேளை, யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மாட்டுக்கு ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் போட வேண்டும். மாடு வைத்திருக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் மற்றதைப் போட்டேன். யாரால் அவிழ்க்க முடியும் பார்ப்போம் என்கிற திமிர். லீவு முடிந்து பஸ் ஏறும்போதுகூட அந்த அக்காவின் வீட்டுக்காரரிடம் பெருமையடித்துவிட்டு வந்தேன். அந்தப் பெருமைக்கு நீ நகத்தைக் கொடுத்திருக்கிறாய். அதற்குமேல் என்னிடம் வசவும் வாங்கியிருக்கிறாய்.

நீ பயந்தபடியே ஆயிற்று, அதை மறைக்கவில்லை. மறுநாள் ஏறினேன். நாலாவது மாடியில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்ததைப் போட முடியவில்லை. மேஸ்திரி கீழே இருந்து கூப்பிட்டார். இறங்கிவிட்டேன். இப்போது கீழே உட்கார்ந்து கயிறு வெட்டிக் கொடுக்கிறேன். கூலி குறைவு. ஆனால் இதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீ சொல்லாமலே இருந்திருந்தால், நான் சாகும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே மேலே நின்றிருப்பேன்.

ஆட்களிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. என்னை முதலில் கேட்டானே, அவன் மட்டும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவனும் மாடு மேய்த்து வளர்ந்தவன்.

செயலாளர் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துவிட்டேன். கோபப்படாதே. அதில் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ‘பயத்தில் ஓடிவிட்டாள்’ என்பதற்குக் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக நானே ஒரு மனு எழுதி நிவாரண அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். என் மனைவி உயிரைப் பணயம் வைத்து அவிழ்க்க முயன்றாள், அவிழாதபடி கட்டியது நான், அலட்சியம் என்னுடையது, சுவரில் உள்ளதைத் திருத்துங்கள் என்று எழுதியிருக்கிறேன். உரிமையாளனே தப்பு செய்திருந்தால் பாதியும் கிடையாது என்று மேஸ்திரி சொன்னார். தெரிந்தேதான் அனுப்பினேன். கடன் அப்படியே நிற்கும். நான்தான் கட்டுவேன்.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. கடைசி பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். அது ஊருக்குள் வரும்போது எல்லாரும் கதவைச் சாத்தியிருப்பார்கள். யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். உன் முகத்தில்தான் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும், அதுவும் தெரியும். நான் வரலாமா? வர வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 22

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் மனு உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. செயலாளர் வாசலில் நின்று குதித்தார். “பொழைக்கத் தெரியாத மனுஷம்மா உன் வீட்டுக்காரர், நான் மேலே பேசி முடிச்சு வச்சிருந்தேன்” என்றார். எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இரண்டு நாள் உங்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பாப்பாவிடம்கூடச் சொன்னேன், உங்கப்பாவுக்கு வரவர மூளை குழம்பிவிட்டது என்று. மறுநாள் அவள் பின்தெரு வழியாக வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேராகச் சங்கத்து வாசல் வழியாகவே பள்ளிக்குப் போனாள்.

சுவரில் புதுத் தாள் ஒட்டிவிட்டார்கள். என் பேச்சையே எடுக்கவில்லை. ‘உரிமையாளரே அவிழ்க்க முடியாதபடி கட்டியது. நிவாரணம் இல்லை’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு ஆள், “சாரம் கட்டத் தெரிஞ்சவனுக்கு மாடு கட்டத் தெரியலியே” என்று சிரித்தான். என்னைச் சொன்னபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனவள்தான். அன்று என்ன வந்ததோ, நின்றுவிட்டேன். “செத்தது எங்க மாடு. அழறதா இருந்தா கூட நின்னு அழுங்க. சிரிக்கறதா இருந்தா உங்க வீட்டுல போய் சிரிங்க” என்றேன். அவன் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னைத் திட்டினபோது பட்ட வெட்கத்தைவிட உங்களைச் சொல்லிச் சிரித்தபோது பட்ட வெட்கம் பெரிதாக இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் வரும். நீங்கள் வந்த பிறகும் வரும். அப்போது ஏதாவது சொல்லிவிடுவேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

கடனுக்குச் செயலாளர் தவணை தந்திருக்கிறார். சங்கத்தில் கேன் கழுவ ஆள் வேண்டுமாம். நகம் முளைத்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் கீழே உட்கார்ந்து கயிறு வெட்டுகிற கூலியே போதும். ஏறச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

கடைசி பஸ் வேண்டாம். அதில் வந்தால் திருடன் மாதிரிச் சுவரோரமாக வர வேண்டும், விடிந்ததும் ஊர் எப்படியும் பார்க்கத்தான் போகிறது. சாயங்கால பஸ்ஸில் வாருங்கள். அது வரும்போது எல்லாரும் பால் ஊற்றச் சங்கத்து வாசலில்தான் நிற்பார்கள். நமக்கும் அந்த வழிதான். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். நானும் பாப்பாவும் நிறுத்தத்தில் வந்து நிற்கிறோம். பையை நான் வாங்கிக்கொள்கிறேன். யாராவது ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டு வருவோம், மூன்று பேருமாக.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி